ஆழமான பாத்திரம்

மனிதகுலத்தின் தலையாய கண்டுபிடிப்பு எது என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் சக்கரம் என்பார்கள். காதல் எண்பது புள்ளியில் கனியும் என்பதைக் கண்டுபிடித்தது எங்கள் நிறுவனம். நாங்கள் கணினி விளையாட்டு தயாரிக்கிறோம். வீரன் வாளோடு ஊர் ஊராகப் போவான். வழியில் சேரும் தோழியிடம் சரியான வசனத்தைத் தேர்ந்தெடுத்துப் பேசினால் புள்ளி ஏறும்; எண்பதைத் தொட்டால் காதல். அந்த வசனங்களை எழுதும் 'காதல் பிரிவு'க்கு அடியேன்தான் தலைவன்.

சென்ற மாதம் இயக்குநர் சுற்றறிக்கை விட்டார்: 'புதிய ஆட்டத்துக்கு ஆழமான பாத்திரங்கள் நான்கு உடனடியாகத் தேவை.' எங்கள் கொள்முதல் அதிகாரி கடமை தவறாதவர். மறுநாளே நான்கு வாங்கிவந்து கூட்ட அறை மேசையில் அடுக்கிவிட்டார், மூடியோடு.

"நான் கேட்டது பெண் பாத்திரம்," என்றார் இயக்குநர் பொறுமையாக.

"இதுல ஆண் பெண்ணெல்லாம் இருக்குன்னு கடைக்காரன் சொல்லலையே சார்."

அன்றே 'ஆழப் படிவம்' ஒன்று அச்சாகி வந்தது. பயம், ஆசை, ரகசியம் என்று மூன்று கட்டம். நிரப்பினால் ஆழம் வந்துவிடும். நான் ஒரு படிவத்தையும், சும்மா கிடக்கிறதே என்று ஒரு பாத்திரத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகிப் பதினோரு வருடம்.

"உனக்கு எதைக் கண்டா பயம்?" என்றேன்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் எதிரில் உட்கார்ந்தாள்.

"லிஃப்ட்ல தனியாப் போறது."

"ஆசை?"

"நீச்சல் கத்துக்கணும். கல்யாணமான புதுசுலயே சொன்னேன்."

"ரகசியம்?"

"வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும். போறதா வேண்டாமான்னு தெரியல. ரகசியமெல்லாம் இல்ல. உங்ககிட்ட ரெண்டு தடவ சொன்னேன், காதுல விழல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட சரக்கு தினமும் கிடைக்காது. "பிரமாதம்," என்று எழுதிக்கொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிவத்தில் வேறு கட்டம் இல்லாததால் எழுந்துவிட்டேன்.

ஆட்டத்தில் அவளை மூலிகை வைத்தியர் ஆக்கினேன். லிஃப்ட் குகையானது. அவளுக்கு ஒரு புருஷனையும் வைத்தேன். ஊரை விட்டுப் போகவா என்று அவள் கேட்கும்போது அவன் 'பிரமாதம்' என்பான். பிறகு அவள் வீரனிடம் வந்து அதையே கேட்பாள். 'நீ என்ன நினைக்கிற?' என்று வீரன் திருப்பிக் கேட்டால் ஐம்பது புள்ளி. மிக நுட்பமான கேள்வி. அதை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

வெள்ளியன்று அலுவலகத்தில் இருபது பேரை ஆடவிட்டுப் பார்த்தோம். ஒருவர் விடாமல் அந்தக் கேள்வியையே தேர்ந்தெடுத்தார்கள், கொள்முதல் அதிகாரி உட்பட. எப்படித் தோன்றியது என்று அவரைக் கேட்டேன்.

"வேற என்ன சார் கேக்குறது?" என்றார்.

இயக்குநருக்கு ஒரே ஒரு குறை. "அந்தப் புருஷன்தான் நம்புற மாதிரி இல்ல. பொண்டாட்டி போகட்டுமான்னு கேக்குறா, பிரமாதம்னு எவனாவது சொல்லுவானா? அவன நீக்கிடுங்க."

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பெட்டி திறந்திருந்தது. மடித்த துணிகளுக்கு மேல் அந்த ஆழமான பாத்திரம்.

"உன் கதை எல்லாருக்கும் பிடிச்சிருக்கு," என்றேன். "புருஷனத்தான் நீக்கச் சொல்லிட்டாங்க. அப்படி ஒரு ஆளு இருக்கவே முடியாதாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீக்க வேண்டியதுதான். அவனால கதைக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல."

"நானும் அந்த முடிவுக்குத்தான் வந்தேன்," என்று பெட்டியை மூடினாள்.

என் திருத்தத்தை அவள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது அதுவே முதல் தடவை.

"பிரமாதம்," என்றேன்.