எறும்பு டாக்டரின் விமானம்

வைகைக்கு வடகரையிலும் தென்கரையிலும் எத்தனையோ பல் டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் பொய் சொல்வதில் எங்கள் எறும்பு டாக்டரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஊசி, குறடு, குடைகிற மெஷின் என்று எதைக் கையில் எடுத்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "ஒண்ணுமில்ல சார், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்." அந்த எறும்பு எந்தக் காட்டில் வளர்ந்ததோ, என்னைக் கடித்தது யானை சைஸில் இருந்தது. அவருடைய சொந்தப் பெயர் போர்டில் இருக்கிறது. கீழவாசல் பக்கம் போய் அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். எறும்பு டாக்டர் என்றால் படியேறும் இடத்திலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது ஒரு கடைவாய்ப் பல்லின் புண்ணியத்தில். எனக்குப் பல்வலி என்றால் பயம். பல் டாக்டர் என்றால் அதைவிடப் பயம். ஆகையால் கிராம்பு, உப்புத் தண்ணீர், மாத்திரை என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். கன்னம் வீங்கி, போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர்கள், "சாப்பிட்டு முடிச்சிட்டே பேசுங்க சார்" என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கிளினிக் படியேறினேன்.

வரவேற்பு மேசையில் டாக்டரம்மா. டாக்டரின் மனைவி. கிளினிக்கும் அவர்தான், கணக்கும் அவர்தான், காரோட்டுவதும் அவர்தான். வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். எனக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் டாக்டரம்மா அங்கிருந்து ஒரு வாக்கியம் சொன்னால், உள்ளே டாக்டரின் குரல் பாதியாகக் குறையும். அதை வைத்து நானே அர்த்தம் செய்துகொள்வேன்.

சாய்ந்த நாற்காலியில் என்னைப் படுக்கவைத்து, கன்னத்துக்குள் பஞ்சைத் திணிக்கப் போகிற நேரத்தில் டாக்டர் கேட்டார்.

"சார் என்ன படிச்சிருக்கீங்க?"

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் எந்த நிலையிலும் பதில் சொல்லிவிடுவேன். "பி.இ. மெக்கானிக்கல்."

சொன்னது பொய் இல்லை. பட்டம் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஆனால் வேலை இன்சூரன்ஸ் கம்பெனியில். கல்லூரியை விட்டு வெளியே வந்த பிறகு இந்தக் கைகளால் நான் திருகிக் கழற்றிய ஒரே பொருள் தண்ணீர் பாட்டில் மூடி. அதுவும் சில கம்பெனி மூடிகள் எனக்கு ஒத்துழைப்பதில்லை.

டாக்டரின் முகம் மலர்ந்தது. பஞ்சை அடைத்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு நீளமான அட்டைப் பெட்டியை இழுத்தார்.

"ஏரோப்ளேன் சார். ரிமோட்ல பறக்குறது. புதுசாப் பழகுறவங்களுக்குன்னே செஞ்சதாம். ஆனா முழுசா வராது. குச்சி குச்சியா வந்திருக்கு. நாமதான் ஒட்டிச் சேக்கணும்."

'நாம' என்ற சொல்லை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

"எனக்குக் கழுத்தெலும்பு தேஞ்சுபோச்சு சார். இம்புட்டு வருசமா வாய்க்குள்ள குனிஞ்சு குனிஞ்சே பாத்தாச்சா, இனிமே தினமும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பாருன்னு எலும்பு டாக்டர் சொல்லிட்டாரு. கோயிலுக்குப் போயி கோபுரத்தைப் பாத்தேன். எம்புட்டு நேரந்தான் பாக்குறது? ஒண்ணும் நகர மாட்டேங்குது. அதான் இதை வாங்கிட்டேன். நீங்க இன்ஜினியர், கூட இருந்து பாத்துக்குவீங்கல்ல?"

வாய் முழுக்கப் பஞ்சு. "ங்ங்ஆங்ங்" என்றேன். நான் சொல்ல நினைத்தது, 'சத்தியமாக என்னால் முடியாது.' அவர் கேட்டுக்கொண்டது, 'அதைவிட வேறென்ன வேலை.'

என் பல்லுக்கு வேர் சிகிச்சை. பல தடவை வர வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம், கடைசி நோயாளி போன பிறகு என்று முடிவானது. முதல் வாரம் பல்லைக் குடைந்து, தற்காலிகமாக அடைத்துவிட்டு, விமானத்தை எடுத்தோம். அடுத்த வாரம் விமானத்தை எடுத்துவிட்டு, நேரம் ஆனதால் பல்லை விட்டோம். அதற்கடுத்த வாரம் பல்லைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவருக்கு விமானம் வேண்டும், எனக்கு ஊசி வேண்டாம். இரண்டு தரப்புக்கும் இவ்வளவு வசதியான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

சீக்கிரமே நாற்காலி விமானத்துக்குப் போய்விட்டது. நெட்டி மாதிரி லேசான மரத்தில் செய்த அந்த எலும்புக்கூடு, கழுத்தில் நோயாளிகளுக்குக் கட்டும் துணியோடு சாய்ந்து படுத்திருக்கும். மேலே பெரிய விளக்கு. பக்கத்து முக்காலியில் நான். பல்லைப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை விமானத்தின் வயிற்றுக்குள் விட்டு ஒட்டு சரியா என்று பார்ப்பார். கடித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கும் நீலத்தாளை இறக்கைக்கும் உடம்புக்கும் நடுவே வைத்து அழுத்தி, எங்கே மேடு தட்டுகிறது என்று கண்டுபிடிப்பார். பிறகு மெஷினை எடுத்து, "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று அதனிடமும் சொல்லிவிட்டுத்தான் தேய்ப்பார். விமானம் என்னைவிடத் தைரியசாலி. முனகவே இல்லை.

என் பங்களிப்பையும் சொல்ல வேண்டும். முதல் நாளே, சட்டென்று பிடித்துக்கொள்ளும் பசையால் என் கட்டைவிரலை வாலோடு ஒட்டிக்கொண்டேன். டாக்டரம்மா நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைக் கொண்டுவந்து, பச்சைப் பிள்ளையைப் பிரித்தெடுப்பதுபோல வாலைப் பிரித்தெடுத்தார். விரலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அடுத்து, "இறக்கைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஒரு வாரம் உட்கார்ந்து, நானே அசந்துபோகிற அழகில் ஒட்டிக்கொண்டு வந்தேன். டாக்டர் இரண்டையும் கையில் வாங்கி அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"சார், ரொம்ப அருமையா வந்திருக்கு."

"நன்றி டாக்டர்."

"ஆனா ரெண்டும் இடது றெக்கையா இருக்கே சார்."

டாக்டரம்மா வரவேற்பு மேசையிலிருந்து சௌராஷ்டிரத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். அன்றைக்கு அதன் அர்த்தம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. சொத்தைப் பல்லைச் சுத்தம் செய்கிற பொறுமையோடு ஒவ்வொரு ஒட்டாகப் பிரித்து, ஒரு இறக்கையை வலதாக்கினார். "முத தடவை எல்லாருக்கும் வாரதுதான் சார்" என்றார். அவருக்கும் அது முதல் தடவைதான் என்று எனக்கு வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது.

சிவப்புப் பிளாஸ்டிக் தாளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து இறக்கைமேல் ஒட்டும் வேலையை, நாங்கள் இருவரும் ஆளுக்கொரு ஓட்டை போட்ட பிறகு டாக்டரம்மா பிடுங்கிக்கொண்டார். பட்டுச்சேலை தேய்க்கிற கை. ஒரு சுருக்கம் இல்லை.

கடைசியில் மோட்டார், பேட்டரி எல்லாம் வைத்து, இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கிப் பார்த்தால், வால் கீழே தொங்கியது. நான் கழுத்தை நிமிர்த்தி, "ஈர்ப்பு மையம்" என்றேன். நான்கு வருடப் படிப்பில் மிச்சமிருந்த இரண்டு வார்த்தைகள். "மூக்கில் கனம் ஏற்ற வேண்டும்."

டாக்டர் யோசித்தார். அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே பல் உறைகள். அளவு கொடுத்துவிட்டு, செய்து முடித்ததும் வாங்க வராமல் போனவர்களுடையவை. மேலே வெள்ளையாக அசல் பல்லாகத் தெரியும். உள்ளே உலோகம், நல்ல கனம். ஒவ்வொன்றாக மூக்குக்குள் போட்டார். விமானம் மெல்ல நிமிர்ந்து, சமமாக நின்றது.

"யாராச்சும் திரும்பி வந்து கேட்டா?" என்றார் டாக்டரம்மா.

"பல்லு பறந்துபோச்சுன்னு சொல்லு" என்றார் டாக்டர்.

விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருப்பதால், எங்கள் விமானம் வடக்கே போக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அலங்காநல்லூர்ப் பக்கம் செல்லப்பாண்டி என்று ஒரு விவசாயி. டாக்டர் கட்டிவிட்ட பல்செட்டில் கரும்பே கடிப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர். அறுப்பு முடிந்த தன் வயலைத் தருவதாகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டாக்டரம்மா காரோட்ட, பின் சீட்டில் நானும் டாக்டரும் மடியில் ஆளுக்கொரு இறக்கையோடு போய் இறங்கினோம்.

அன்று விடிந்ததிலிருந்தே என் பல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சொன்னால் வாயைத் திறக்கச் சொல்வார் என்று நான் மூச்சு விடவில்லை.

"இது பறக்குமா டாக்டரே?" என்றார் செல்லப்பாண்டி.

"இன்ஜினியர் சார் இருக்காருல்ல" என்றார் டாக்டர். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வண்டிப் பாதையில் விமானத்தை வைத்து, டாக்டர் ரிமோட்டின் குச்சியை மெல்ல முன்னே தள்ளினார். அது தத்தித் தத்தி ஓடியது. ஒரு மேட்டில் துள்ளியது. பிறகு, நம்ப மாட்டீர்கள், பறந்தது. என் விரல் ஒட்டிக்கொண்ட வாலும், என்னால் இடதாகி அவரால் வலதான இறக்கையும், யார் யாருக்கோ செய்த பற்களும் சேர்ந்து தென்னை உயரம் போய், அழகர் மலைப் பக்கமாகச் சிவப்பாகத் திரும்பின. செல்லப்பாண்டி துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். டாக்டரம்மா பிளாஸ்க் மூடியில் ஊற்றிய காப்பியைக் குடிக்க மறந்து நின்றார்.

டாக்டர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனார். வாயைத் திறந்திருந்தார். நான் அவர் வாய்க்குள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில், பின்னால் வாய்க்கால் இருப்பதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

சளக்கென்று ஒரு சத்தம். தண்ணீருக்கு மேலே முதலில் ஒரு கை, கையில் ரிமோட். பிறகு தலை.

"சார், பிடிங்க!"

பிடித்தேன். நிமிர்ந்தால், விமானம் என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

"இடது பக்கம் திருப்புங்க சார்!"

"எனக்கு இடதா, அதுக்கு இடதா?"

"அதுக்கு!"

எதிரே வருகிற விமானத்துக்கு எது இடது என்று யோசிக்க ஒரு கணம் போதும். எனக்கு அது போதவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ ஒரு பக்கம் திருப்பினேன். கடித்தது எந்தப் பல்லை என்பதில்தான் தப்பு நடந்தது. தற்காலிக அடைப்பு நொறுங்கியது. மண்டைக்குள் மின்னல் வெட்டியது. ரிமோட்டை விட்டுவிட்டுக் கன்னத்தைப் பிடித்தபடி மண்டியிட்டு உட்கார்ந்தேன். விமானம் எனக்குச் சற்று முன்னால் மூக்குக் குத்தி விழுந்து உடைந்தது. மூக்கில் இருந்ததெல்லாம் என் முழங்காலைச் சுற்றித் தெறித்தது.

செல்லப்பாண்டி ஓடிவந்தார். வாயைப் பொத்திக்கொண்டு ஊளையிடும் என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"ஐயையோ! டாக்டரே, வெரசா வாங்க! சாருக்கு அம்புட்டுப் பல்லும் கொட்டிப்போச்சு!"

அவர் பதறியதைப் பார்த்து, எனக்கே சந்தேகம் வந்து நாக்கால் தடவிப் பார்த்தேன். செல்லப்பாண்டி துண்டை விரித்து, ஒன்றுகூட விடாமல் பொறுக்க ஆரம்பித்தார். "கவலைப்படாதீங்க சார், எல்லாத்தையும் எடுத்துட்டேன், டாக்டரு திரும்ப வச்சிருவாரு" என்று ஆறுதல் வேறு.

டாக்டர் சேறு சொட்டச் சொட்ட வாய்க்காலிலிருந்து ஏறி வந்தார். விமானம் வழியில்தான் கிடந்தது. வால் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி வந்து என் முன்னால் குந்தி, கையைச் சட்டையில் துடைக்கப் பார்த்து, சட்டையும் சேறு என்று தெரிந்ததும், டாக்டரம்மாவின் முந்தானையில் துடைத்தார்.

"எங்க, ஆ காட்டுங்க."

காட்டினேன். வெயிலில் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எம்புட்டு நாளா வலிக்குது?"

நான் திறந்த வாயோடு அவர் தலைக்கு மேலே வானத்தைப் பார்த்தேன்.

"உங்களை உக்கார வைக்க வேண்டிய நாற்காலில அதை உக்கார வச்சிருந்தேன் பாருங்க" என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "வண்டியை எடு."

டாக்டரம்மா விமானத்தைக் கைகாட்டிச் சௌராஷ்டிரத்தில் ஏதோ கேட்டார். டாக்டர் இரண்டே வார்த்தையில் பதில் சொன்னார். அர்த்தம் தெரிய எனக்கு மொழி தேவைப்படவில்லை. விமானத்தை அங்கேயே விட்டுவிட்டுக் காரில் ஏறினோம்.

அலங்காநல்லூரிலிருந்து ஊருக்குள் வரும் ரோட்டில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று பல்வலி உள்ளவனிடம்தான் கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் டாக்டர், "மெதுவா, மெதுவா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, என் தாடையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். கை நடுங்காமல், அழுத்தாமல், சேற்று வாசனையோடு. ஞாயிற்றுக்கிழமை மூடிய கிளினிக்கைத் திறந்து, ஈரக் கால்சட்டையோடு நின்று, அன்றைக்கே முழு சிகிச்சையையும் முடித்தார்.

விமானத்தை இரண்டு நாள் கழித்துச் செல்லப்பாண்டி உரச்சாக்கில் போட்டுக்கொண்டு வந்தார். துண்டில் முடிந்த பற்களையும் தந்துவிட்டு, பல்லைக் காட்டக் கிளினிக்குக்கு வந்திருந்த என் வாயை உற்றுப் பார்த்து, "அச்சு அசலா இருக்கு டாக்டரே, வித்தியாசமே தெரியலை" என்று மெச்சிவிட்டுப் போனார். நாங்கள் திருத்தவில்லை.

இப்போது அடுத்த பெட்டி வந்திருக்கிறது. இந்தத் தடவை நாற்காலியில் வைக்கக் கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு. விமானம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் படுத்திருக்கிறது. போன சனிக்கிழமை டாக்டரே போன் செய்தார்.

"றெக்கையை நான் ஒட்டிக்கிறேன் சார். வாலையும் நானே பாத்துக்கிறேன். ஓட்டுறதும் நாந்தான். நீங்க ஒரு வேலையும் செய்ய வேணாம்."

"அப்புறம் எதுக்கு டாக்டர் நான்?"



"சும்மா வந்து உக்காருங்க சார். நீங்க இல்லாம ஒட்டுனா, ஒட்டுன மாதிரியே இல்ல."

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.