பதினேழாம் பிரிவின்படி மாமியார் தங்கக் கூடாது

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் ஓரகத்தி. என் கடைசி மகளுக்குப் பிள்ளை பிறந்த மறுநாள், ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் வைத்துச் சொன்னாள். நான் கண்ணை மூடி ஆண்டவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன், பெஞ்சு ஆடுகிறது. கண்ணைத் திறந்தால், பக்கத்தில் இவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்குகிறாள். அழுகிறாளோ என்று பதறிவிட்டேன். சிரிப்பு!

"அக்கா, இதை யாருகிட்டயாவது சொல்லலேன்னா எனக்கு வயிறு வெடிச்சிடும்" என்றாள்.

கதாநாயகர் அவள் புருஷன். எனக்குக் கொழுந்தனார். அரசாங்க ஆபீசில் வரைபட அறைக்குப் பொறுப்பு. எந்தக் கட்டடத்தில் எந்தச் சுவர் எவ்வளவு கனம், எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று வரைந்த தாள்களெல்லாம் அவருடைய இரும்பு அலமாரிகளில் சுருண்டு கிடக்கும். அந்த அறைக்குள் நுழையப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அது லேசில் கிடைக்காது. முப்பத்திரண்டு பக்கப் படிவம். பத்து வருஷமாகக் குடியிருந்த வீடுகள், ஒன்றுவிட்ட சித்தப்பா வரைக்கும் சொந்தக்காரர்கள், பத்து விரல் ரேகை. அதற்கப்புறம் ஒரு விசாரணை அதிகாரி வீடு தேடி வருவார். எல்லாம் சரியாக இருந்தால் கழுத்தில் ஒரு நீல அட்டை, ஐந்து வருஷத்துக்கு.

முதல் தடவை அட்டை கிடைத்த அன்றே கொழுந்தனாரின் நடை மாறிவிட்டது. வீட்டிலும் அதைக் கழற்றுவதில்லை. பல் தேய்க்கும்போது முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொள்வார்.

"இந்தா, இனிமே நான் பாத்திரம் தேய்க்க முடியாது" என்றார் அன்று சாயங்காலமே.

"இதுவரைக்கும் எப்பங்க தேய்ச்சீங்க?"

"தேய்க்கலாம்னு இருந்தேன். இனிமே முடியாது. சோப்புத் தண்ணியில ரேகை கரைஞ்சிடும். ஆபீஸ்ல இருக்கிற ரேகையும் கையில இருக்கிற ரேகையும் ஒத்துப்போகலேன்னா, ஆளே வேறன்னு பிடிச்சு உள்ள போட்டுருவாங்க."

"ஐயையோ! யாரு சொன்னா?"

"பதினேழாம் பிரிவு."

ஓரகத்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அவள் அச்சடித்த எதையும் நம்புகிறவள். மருந்து பாட்டில் சீட்டைக்கூட முழுசாகப் படித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பாள். பிரிவு, எண் என்று புருஷன் சொன்னதும் அப்படியே நம்பிவிட்டாள்.

கொழுந்தனாருக்கு ருசி கண்டுவிட்டது. வாரத்துக்கு ஒரு விதி பிறந்தது. கடைக்குப் போனால் பை தூக்கக் கூடாது. இரண்டு கையும் பையைப் பிடித்திருந்தால் எவனாவது அட்டையைப் பறித்துக்கொண்டு ஓடிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் மனசில் இருக்கும் ரகசியம் கலங்கி வெளியே வந்துவிடும். எல்லாவற்றுக்கும் சிகரம், விருந்தாளி விதி. வெளியாள் யாரும் இரண்டு நாளுக்கு மேல் வீட்டில் தங்கக் கூடாது. தங்கினால் மூன்று பிரதியில் மனுப் போட வேண்டும். மனு மேலே போய் வர ஒன்பது மாசம்.

நானும் அங்கே போனால் மூன்றாம் நாள் காலையில் பையைக் கட்டிவிடுவேன். அரசாங்கத்தை நாம் எதிர்க்க முடியுமா?

உண்மையில் அந்த விதி ஒரே ஒரு ஆளுக்காகப் பிறந்தது. அவருடைய மாமியார். அந்த அம்மாள் வாய் நிறையப் பேசுகிறவர். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தால், "ஏன் மாப்ளே, அதுலேயே முளைச்சுட்டீங்களா?" என்று கேட்பார். ஐந்து வருஷமாக அந்த அம்மாள் இரண்டு நாள் வந்து, இரண்டு நாளுக்கான பேச்சை மட்டும் பேசிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கையில் அந்த அம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும். அப்புறம் நாற்பது நாள் ஒருத்தர் பக்கத்தில் இருந்து சொட்டு மருந்து விட வேண்டும். அவருக்கு இருப்பது இந்த ஒரே மகள்.

"என்னங்க, அம்மாவைக் கூட்டிட்டு வந்துடலாமா?"

"எனக்கு மட்டும் ஆசையில்லையா? பதினேழாம் பிரிவு விடலையே!" என்று கொழுந்தனார் பெருமூச்சுக்கூட விட்டார்.

ஓரகத்தி அன்று சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதிருக்கிறாள். இதை மட்டும் அவள் சிரிக்காமல் சொன்னாள்.

அதே மாசம் ஐந்து வருஷம் முடிந்தது. அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். மறுபடி முப்பத்திரண்டு பக்கம், மறுபடி விசாரணை அதிகாரி. இந்தத் தடவை தவறினால் நீல அட்டை போய்விடும். தபால் பிரிவில் உட்கார்ந்து உறை ஒட்ட வேண்டியதுதான். கொழுந்தனாருக்கு அந்த அறை என்றால் உயிர். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

"இந்தா, நல்லாக் கேட்டுக்க. உன்னைத் தனியா வச்சு விசாரிப்பாங்க. நான் பக்கத்துல இருக்கக் கூடாது. உண்மையை மட்டும் சொல்லு. என்ன?"

"எனக்கு வேற என்னங்க சொல்லத் தெரியும்?"

அதிகாரி வந்தார். மெலிந்த மனுஷன், மூக்குக் கண்ணாடி, மடியில் அட்டைப் பலகை. கொழுந்தனாரைப் படுக்கையறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார். கொழுந்தனார் கதவில் காதை ஒட்டிக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் ஆபீஸ் விஷயம் ஏதாவது வீட்ல பேசுவாராம்மா?"

"மூச்சு விட மாட்டார் சார். வாயைத் திறக்கிறதே விதி சொல்லத்தான்."

கதவுக்கு இந்தப் பக்கம் கொழுந்தனார் பூரித்துப்போனார். 'என் பெண்டாட்டின்னா சும்மாவா!'

"என்ன விதி?"

"உங்க விதிதான் சார். நாங்க ஒண்ணுகூட மீறினதில்லை. பாத்திரம் கழுவ விட்டதில்லை, ரேகை கரைஞ்சிடும்னு. பை தூக்க விட்டதில்லை. ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் தூங்க வச்சிடறேன் சார், சந்தேகம்னா கீழ்வீட்டு டெய்லரைக் கேளுங்க, குறட்டை அவருக்கே கேக்கும்."

பேனா நின்றுவிட்டது. இந்தப் பக்கம் கொழுந்தனாருக்கு மூச்சும் நின்றுவிட்டது.

"இதெல்லாம்... எதுல இருக்கும்மா?"

"பதினேழாம் பிரிவுல சார்."

"அம்மா, பதினேழாம் பிரிவு ஆபீஸ் கூரை ஒழுகினா யாருகிட்ட சொல்லணுங்கறது."

ஓரகத்திக்குக் காதில் விழுந்தது மண்டையில் ஏற ஒரு நிமிஷம் ஆனதாம். கையில் மூன்று தாள் வைத்திருந்தாள். முந்தின நாள் முழுவதும் கண்ணீர் விட்டுக்கொண்டே எழுதியவை.

"அப்ப இந்த மனு சார்? எங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ரெண்டு நாளுக்கு மேல தங்க அனுமதி கேட்டு... மூணு பிரதி..."

அதிகாரி வாங்கிப் படித்தார். 'கருணை உள்ளம் கொண்ட அரசாங்கம் என் தாயாரை நாற்பது நாள் மன்னிக்குமாறு' என்று எழுதியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் பிரதியையும் படித்தார். அப்புறம் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். காதை ஒட்டி நின்ற கொழுந்தனார் அப்படியே அவர் மேல் சாய்ந்தார்.

"உட்காருங்க" என்றார் அதிகாரி. "முப்பத்திரண்டாம் பக்கத்துல ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. 'விண்ணப்பதாரர் நம்பத்தகுந்தவரா?' அரசாங்கத்துப் பேரைச் சொல்லி அஞ்சு வருஷமா வீட்டுல பொய் சொன்ன ஆளை நான் என்னன்னு எழுதறது? நீங்களே சொல்லுங்க."

வியர்வையில் கொழுந்தனாரின் நீல அட்டை சட்டையோடு ஒட்டிக்கொண்டது. கண்ணுக்கு முன்னால் உறைகள், உறைகள், மலை மலையாக உறைகள்.

ஓரகத்தி புருஷன் முகத்தைப் பார்த்தாள். வெள்ளைத் தாள் மாதிரி வெளிறிக் கிடந்தது. அந்த நிமிஷம் அவளுக்குக் கோபம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். அவற்றுக்கு நடுவில் இதுவரை அவளுக்கு வராத ஒன்று வந்தது. யோசனை.

"சார், தப்பு என் மேலதான். அவரு விளையாட்டுக்குச் சொன்னதை நான் நெசம்னு நினைச்சுட்டேன். அப்படித்தானேங்க?"

"ஆ... ஆமா."

"எங்கம்மா எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கலாம்னுதானே சொல்லிட்டிருந்தீங்க?"

"ஆமா... சொல்லிட்டிருந்தேன்."

"நீங்களே போயி கூட்டிட்டு வர்றேன்னீங்களே?"

"...ஆமா."

"சொட்டு மருந்தும் நீங்களே விடறேன்னு?"

கொழுந்தனார் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரியின் பேனா அந்தக் கேள்விக்கு நேராக அந்தரத்தில் நின்றது.

"விடறேன். நாலு வேளையும் விடறேன்."

அதிகாரி எழுதினார். கொழுந்தனார் தலைகீழாகவே படித்துவிட்டார்: 'நம்பத்தகுந்தவர். மனைவி முன்னிலையில்.'

அதிகாரியை வழியனுப்ப ஓரகத்தி வாசல் வரை போனாள். அங்கே அவர் அவளிடம் ஏதோ சொன்னார், இவள் தலையாட்டினாள். கொழுந்தனார் ஜன்னல் வழியாகப் பார்த்தார். என்ன பேச்சு என்று மட்டும் கேட்கவில்லை.

"என்ன சொன்னார்? என்ன சொன்னார்?"

ஓரகத்தி கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குப் பயமா இருக்குங்க. உங்க அனுமதி தற்காலிகமாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை எனக்குப் போன் பண்ணி, வீட்டுல நடத்தை எப்படின்னு கேப்பாங்களாம். என்னைக்குன்னு உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதாம்."

"அப்படி ஒரு விதியா? நான் கேள்விப்பட்டதே இல்லையே!"

"ஆபீஸ்ல கேட்டுப் பாருங்களேன்."

ஆபீசில் எப்படிக் கேட்பார்? 'ஏன் கேக்கறே' என்று ஒருவன் கேட்டுவிட்டால்? வாயை இறுக மூடிக்கொண்டார்.

மாமியார் வந்தார். நாற்பது நாள் என்றது நாலு மாசம் ஆயிற்று. "மாப்ளே, கை நடுங்காம ஊத்துங்க, இது கண்ணு, தோட்டமில்ல" என்று அந்த அம்மாள் அண்ணாந்து படுத்துக்கொண்டு சொல்ல, மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினாராம். போன் மணி அடித்தால் போதும், துடைப்பமோ பாத்திரமோ கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நிற்பாராம். இப்போது அந்த அம்மாளுக்கு ஊசியில் நூல் கோர்க்குமளவு கண் தெரிகிறது. ஆண்டவனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

"அப்ப அந்தப் போன் எப்பெப்ப வரும்டி?" என்று நான் பெஞ்சில் உட்கார்ந்தபடி அப்பாவியாகக் கேட்டேன்.

"எந்தப் போன் அக்கா? மழை வர்ற மாதிரி இருக்கு, கொடியில துணி கிடக்கு, எடுத்துடுங்கம்மான்னு வாசல்ல சொல்லிட்டுப் போனாரு அந்த அதிகாரி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் பாவம்தான். அன்று அவளுக்காகவும் சேர்த்து வேண்டிக்கொண்டேன், சிரித்ததற்கு எனக்காகவும். கொழுந்தனார் இன்னும் அந்தப் போனுக்குக் காத்திருக்கிறார். எங்கேயாவது அவரைப் பார்த்தால், நீங்கள் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.