பன்வில பீலியும் மூன்று விரதங்களும்

கண்டிப் பட்டணத்தில் எத்தனையோ கமிட்டிகள் தோன்றி, தேநீர் அருந்தி, மறைந்திருக்கின்றன. ஆனால் 1932இல் பன்வில தேயிலைத் தோட்டமொன்றின் தண்ணீரைச் சோதிக்கப் புறப்பட்ட எங்கள் ‘ஜலசுத்தி விசாரணைக் கமிட்டி’க்கு ஈரேழு பதினாலு லோகத்திலும் ஈடு கிடையாது. அதன் காரியதரிசி அடியேன்.

தோட்டத்துத் துரை களையை ஒழிக்கச் சீமையிலிருந்து ‘மருந்து’ தருவித்து, மலைச்சரிவெங்கும் தெளித்திருந்தார். என்ன மருந்து! களை கருகியது. மழையோடு அது ஓடையில் இறங்கியதும் மீன், தவளை, அட்டை எல்லாம் பூண்டோடு ஒழிந்தன. கூலிகள் குடியிருக்கும் லயத்து ஆடுகள் இரண்டுக்கு மேய்ச்சல் தொல்லையிலிருந்து நிரந்தர விடுதலை கிடைத்தது. இந்த நாகரிகத்தின் அருமை தெரியாத கொழுந்துக்காரி இரத்தினம்மா மட்டும் மனுப் போட்டுவிட்டாள். ஓடையிலிருந்து குழாய் வழியே விழும், லயத்துச் சனங்கள் குடிக்கும் பீலித் தண்ணீரால் தன் மகள் சீதா பத்து நாளாக வாந்தி எடுக்கிறாளாம். மருந்து தெளித்த இடத்துக்கு மேலிருந்து தண்ணீர் வேண்டுமாம்!

துரை அனுப்பிய காரிலேயே, பாரபட்சமில்லாமல், கமிட்டியார் மூவரும் போய் இறங்கினோம். தலைவர் சண்முகநாதன், பென்ஷன் வாங்கிய யாழ்ப்பாணத்துக் கிளாக்கர், பீலியை உற்றுப் பார்த்தார்.

“பளிங்கு மாதிரிக் கிடக்கு! மேலையிருந்து தண்ணி இறக்கிறதெண்டால் லேசான காரியமோ?”

இரத்தினம்மா செம்பை நீட்டினாள். “இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க. ஆளுக்கு ஒரு வாய் குடிச்சிட்டு எழுதுங்கய்யா.”

கமிட்டியில் திடீரென்று பக்தி பெருகியது.

“எனக்கு இண்டைக்குச் சஷ்டி விரதம். பச்சைத் தண்ணியும் பல்லிலை படக்கூடாது” என்றார் தலைவர். சஷ்டிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

“எனக்கு நோன்பு, மகள்” என்றார் அரிசிக்கடை ஸெய்னுலாப்தீன் முதலாளி, வாய் நிறைய வெற்றிலையோடு.

செம்பு என் பக்கம் திரும்பியது. நான் அந்தக் கணமே மௌனவிரதம் பூண்டேன்.

இதற்குள் மலையேறிய களைப்பில் கார் கொதித்துப் புகைவிட்டது. டிரைவர் அஸீம் வாளியோடு பீலியை நெருங்கினான்.

“ஐயையோ, அதை ஊத்தாதை!” தலைவர் அலறினார். “துரையின்ர கார்! எஞ்சின் அரிச்சுப் போகும். மேலை போய் நல்ல தண்ணி எடுத்து வா!”

அஸீம் போனான். பத்து நிமிஷத்தில் தளும்பத் தளும்ப நல்ல தண்ணீர் வந்தது. கார் வயிறாரக் குடித்தது.

இரத்தினம்மா செம்பைக் கீழே கவிழ்த்தாள். “அப்ப எம்புள்ளையையும் ஒரு காருன்னு எழுதிக்கிங்கய்யா.”

அதை நான் எழுதவில்லை, மௌனவிரதமல்லவா! ஏகமனதாக நிறைவேறிய அறிக்கையை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டேன்: ‘மேற்படி தண்ணீர் மனிதர் குடிக்கச் சாலச் சிறந்தது. கார்களுக்கு ஆகாது.’