எழுபது வயதுக்கு ஆறு மாடு

அரசாங்கத்தின் பையிலிருந்து என் பங்கைப் பிடுங்காமல் சாகமாட்டேன் என்று சபதம் போட்டேன். ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்தில் தங்கம் வெட்டியவன் நான். அவர்கள் கொடுத்தனுப்பியது இருமல் ஒன்றுதான். லெசோத்தோ மலைக்குத் திரும்பி மாட்டுத் தரகனானேன். கிழட்டு எருதைக் கன்று என்று விற்பேன். வாங்கியவன் நன்றி சொல்லிப் போவான்.

ஆனால் வீட்டில் காசுப்பை மாபுலெங்கின் இடுப்பில். மாபுலெங் என்றால் எங்கள் மகள் புலெங்கின் அம்மா, என் மனைவி. சோளக் கள் காய்ச்சி விற்பவள். மூக்குப்பொடிக்குக்கூட அவளிடம்தான் கை நீட்ட வேண்டும்.

அப்போதுதான் முதியோர் பென்ஷன் வந்தது. எழுபது முடிந்தவர்களுக்கு மட்டும். மலையில் எவனிடம் பிறந்த தேதி இருக்கிறது? அதனால் ஊர்க்கூட்டத்தில் விசாரணை. மழை பொய்த்து, பகலே சிவந்துபோன செம்புழுதி வருஷத்துக்கு முன்னால் பிறந்தவர் என்று சாட்சி சொன்னால் எழுபது. எனக்கு அந்தப் புழுதி கண்ணில் விழுந்து அழுததே நினைவிருக்கிறது.

சாட்சிக்கு யார்? மாபுலெங்கே வழி சொன்னாள்.

"எங்க அண்ணன் ஷலே இருக்காரே, புலெங்கப்பா. அவர் வாக்கை ஊர்த்தலைவரே தட்டமாட்டார்."

மனம் இளகிவிட்டது. மச்சானுக்கு மூன்று நாள் கள் ஊற்றினேன். அவள் கள், என் கடனில்.

கூட்டத்தில் முதலில் சட்டத்தோடே மோதினேன். "எழுபது வரைக்கும் உயிரோட இருக்கிறவனுக்குத்தான் காசுன்னா, அது பென்ஷன் இல்லம்மா, பந்தயம். அறுபது வச்சுக்கோங்க."

அதிகாரிப் பெண் சிரித்தாள். சட்டம் எழுபதாம்.

"சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம். அறுபத்தஞ்சு."

படியவில்லை. சாட்சியை அழைத்தாள். ஷலே போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தார்.

"இவர் வயசை மறப்பேனா? பொண்ணு கேட்டு வந்தப்போ பரிசமா இருபது மாடு கேட்டோம். 'நான் செம்புழுதிக்கு அப்புறம் பொறந்த பையன். உங்க பொண்ணு செம்புழுதியில தவழ்ந்த கிழவி. மாப்பிள்ளைக்கு மூத்த பொண்ணுக்கு இருபதா?'ன்னு நாள் பூரா கத்தினார். ஆறு மாடு குறைச்சோம். ஊரே கேட்டுச்சு."

ஊர் தலையாட்டியது.

அது தரகுப் பேச்சு. அவள் என்னைவிட நாலு வயது இளையவள். என் வாழ்நாளின் ஆகச்சிறந்த பேரம் அது. அதைப் போய் உண்மை என்று எடுத்துக்கொள்வார்களா? எடுத்துக்கொண்டார்கள். அதிகாரி பென்ஷனுக்கு மாபுலெங் பெயரை எழுதத் தொடங்கினாள்.

"நிறுத்துங்க," என்றேன். "மூத்தவன் நான்தான்."

ஷலே பல்லைக் குத்திக்கொண்டே திரும்பினார். "அப்போ அன்னிக்குச் சொன்னது பொய்யா மாப்ளே? பரவாயில்ல. ஆறு மாட்டையும் இன்னிக்கே ஓட்டிட்டு வாங்க. இத்தனை வருஷத்துல போட்ட கன்னுங்களையும் சேர்த்து."

மாபுலெங்கைப் பார்த்தேன். அவள் வானத்தில் மேகம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயை மூடிக்கொண்டேன். தோற்றதாக நினைக்காதீர்கள். ஆறு மாடு இன்னும் என் கணக்கில்தான். சட்டம் தப்பு என்று இப்போதும் சொல்வேன். அமைச்சர் எதிரில் நிறுத்தினாலும் சொல்வேன். அறுபதில் கொடுத்திருந்தால் எனக்கு இந்தக் கதி உண்டா?

பென்ஷன் நாள் வந்தது. பணம் கொடுக்கும் இடம் மலைக்கு அந்தப் பக்கம். எங்களிடம் இருப்பது ஒரே குதிரை. சேணம் போட்டு, ஏறுவதற்காக அதன் கால்வளையத்தில் பாதத்தை வைக்கப் போனேன். மாபுலெங் என் தோளைத் தொட்டாள்.

"மூத்தவ ஏறிக்கிறேன், புலெங்கப்பா. நீங்க சின்னப் பையன்தானே, கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வாங்க."