எடை ஆய்வாளரின் புள்ளிக் கணக்கு

புள்ளிகள் எழுதிய தாளை மூன்றாவது முறையாகத் தேடியும் காணோம். மெத்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்த எடை ஆய்வாளருக்கு வியர்த்துக் கொட்டியது. கூடத்திலிருந்து மைத்துனனின் குரல் வந்தது.

"மாமா, வரீங்களா? கப்பல் தலைவர் இல்லாம நடுக்கடல்ல நிக்குது!"

கடைத் தராசில் ஒரு கிராம் பிசகினாலும் விடாத ஆள் அவர். அவர் தலை தெருமுனையில் தெரிந்ததுமே வியாபாரிகள் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மட்டும் அவருக்கு வேறு வேலை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டை நடத்துவார். இந்தக் கதையில் கப்பல் தலைவர் செத்துப்போனார். அடுத்த தலைவர் பதவிக்கு மூன்று பேர் போட்டி. வீரம், தந்திரம், இரக்கம் என்று எட்டு வாரமாக யார் கண்ணிலும் காட்டாமல் புள்ளி போட்டுவந்தார். எல்லாவற்றையும் கடைசி நாளில் சொல்வதாக வாக்கு. கடைசி நாள் இன்றுதான்.

மேசையில் நூலகத்தில் வேலை பார்க்கும் மனைவி, லிஃப்ட் பழுதுபார்க்கும் மைத்துனன், எதிர்வீட்டுப் பல் டாக்டர் மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"கூட்டல் மட்டும் கொஞ்சம் பாக்கி. அடுத்த வாரம் சொல்லிடறேன்" என்றார் ஆய்வாளர்.

"தாளைக் குடுங்க, நான் கூட்டித் தரேன்" என்றாள் மனைவி.

"நீ போட்டியில இருக்கியே, உன்கிட்ட எப்படிக் குடுக்கறது? தவிர, தாள் ஆபீஸ் பீரோல இருக்கு. பாதுகாப்பா இருக்கட்டும்னு வெச்சேன்."

டாக்டர் உடனே எழுந்துவிட்டார். "கார் வாசல்லதான் நிக்குது சார். பத்து நிமிஷத்துல போய் எடுத்துட்டு வந்துடலாம்."

"பீரோ சாவி மேலதிகாரிகிட்ட இருக்கே!"

"அவர் வீட்டு லிஃப்ட்டை நான்தானே பாக்கறேன்?" மைத்துனன் போனை எடுத்தான். "ஒரு வார்த்தை சொன்னா சாவியைக் குடுத்துடப்போறாரு."

"வேண்டாம், வேண்டாம்! அவர் ஊர்லயே இல்ல."

மைத்துனன் போனைக் கீழே வைத்தான். மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். தராசு முள்ளைத் தாம் உற்றுப் பார்க்கும்போது கடைக்காரர்களுக்கு எப்படி இருக்கும் என்பது ஆய்வாளருக்கு முதல்முறையாகப் புரிந்தது. ஒரேயடியாக முடித்துவிடுவது என்று துணிந்தார்.

"எனக்குத்தான் எல்லாம் மனப்பாடம் ஆச்சே! இவளுக்கு அறுபத்து நாலு, டாக்டருக்கு அறுபத்து ரெண்டு, மச்சானுக்கு அறுபத்தொண்ணு."

"அப்படிப் போடுங்க!" என்றான் மைத்துனன். "ராத்திரி சோறு வேணுமில்ல?"

"எனக்கு ஒரு சின்ன சந்தேகம் சார்" என்று டாக்டர் பல்லைப் பிடுங்கப்போகும் மென்மையோடு கேட்டார். "சமையல்காரனைச் சுறாகிட்டருந்து காப்பாத்தினேனே, அதுக்கு எவ்வளவு?"

"இருபது."

"அவனைக் கடல்ல தள்ளிவிட்டதே நீங்கதானே டாக்டர்!" என்றான் மைத்துனன்.

"அது தந்திரம். காப்பாத்தினது இரக்கம். ரெண்டுக்கும் தனித்தனிப் புள்ளி."

மனைவி ஒரு காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு வாரம் வாரமாகக் கேட்டாள். ஆய்வாளர் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே போனார். கூட்டிப் பார்த்தால் டாக்டருக்கு நூற்றுப் பதினெட்டு வந்தது.

"அறுபத்து ரெண்டுன்னீங்களே?" என்றாள் மனைவி.

"மிச்சம் கழிச்சாச்சு. நன்னடத்தைக் குறைவு."

"நன்னடத்தையா! எனக்கா?" டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இருபத்தஞ்சு வருஷமா இதே ஊர்ல பல்லு பாக்கறேன் சார். யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல!"

"அப்ப எனக்கு எவ்வளவு கழிச்சீங்க மாமா? அதையும் சொல்லிடுங்க!"

மேசை அதிர்ந்ததில் பகடைகள் தரையில் உருண்டன. ஆய்வாளர் கண்ணை மூடிக்கொண்டார். எட்டு வார உழைப்பும் இத்தனை வருட நல்ல பேரும் ஒன்றாக மூழ்குவது தெரிந்தது.

"தாள் தொலைஞ்சுபோச்சு" என்றார். "எங்க போச்சுன்னே தெரியல. இதுவரைக்கும் சொன்னது அத்தனையும் பொய். என்னை மன்னிச்சிடுங்க."

யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் கத்தவில்லை. டாக்டர் சத்தமில்லாமல் உட்கார்ந்து விரல்விட்டு எதையோ எண்ணினார். மைத்துனன் நெற்றியில் அடித்துக்கொண்டு, "ச்சே, ஒண்ணுல போச்சு" என்று முணுமுணுத்தான். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஆய்வாளர் பதறிப்போனார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மாடி வீட்டுப் பெண் தலையை நீட்டினாள்.

"என்னக்கா, அந்தத் தாளு வாஷிங் மெஷின்ல கூழானது அண்ணனுக்குத் தெரியாதுல்ல, எத்தனாவது பொய்யில ஒத்துக்கிட்டாரு? பந்தயத்துல நான் ஏழுன்னு எழுதிக் குடுத்திருந்தேனே!"