ஈயத்துக்கு இலைச்சாறு

"அதுக்கு ஒரு இலை இருக்கு" என்று சொல்லும் ஜாதி ஒன்று உண்டு, பார்த்திருப்பீர்கள். நீங்கள் ஒரு தும்மல் போட்டு மூக்கைத் துடைப்பதற்குள், என்ன இலை, எந்தக் கிழமை பறிப்பது, எதில் அரைப்பது, எந்தத் திசை பார்த்துக் குடிப்பது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பார்கள். நீங்கள் கேட்டீர்களா? உங்களை யார் கேட்டது!

எழுபத்தாறாம் வருஷம், கும்மிடிப்பூண்டியில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகைக்கு மேஸ்திரியாக இருந்த பூவராகவன் இந்த ஜாதியில் அசல் சரக்கு. ஒருநாள் உலையடியில் நின்ற அருணகிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாடா, ஈயப் புகையா? கீழாநெல்லி சாறு குடி. ஒடம்புல கீற ஈயமெல்லாம் மெழுகா எறங்கிடும்."

மறுநாள் முதல் கூலிக்காரர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு தம்ளர். பூவராகவனே அரைத்தார், பிழிந்தார், பக்கத்தில் நின்று குடிக்கவைத்தார். அந்தப் பச்சைத் தம்ளர்கள் வரிசையாகக் காலியாவதைப் பார்க்கையில் அவருக்கு நெஞ்சு நிறைந்துபோகும். புகையை இழுக்கப் பெரிய விசிறி ஒன்று போடலாமா என்று முதலாளி அரைமனதாகக் கேட்டபோது, "விசிறி எதுக்கு சார், சாறு இருக்குதே!" என்று பதறிப்போனார். முதலாளியும் பதறாமல் ஒப்புக்கொண்டார்.

அருணகிரிக்கு வலது கை மணிக்கட்டோடு தொங்கிவிட்டது. சோற்றை அள்ளினால் வாய்க்கு வருமுன் சிந்தியது. அவன் மனைவி செங்கம்மாள் மெட்ராஸுக்கு ரயிலேற்றி, ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கும்மா. முதல்ல வேலையை விடணும். வேறென்ன சாப்பிடறார்?"

"மேஸ்திரி குடுக்கற கீழாநெல்லி சாறு சார். கொட்டாய்க்குப் பின்னால, கசடு கொட்ற எடத்துல பறிக்கிறாரு. தளதளன்னு கீதாம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஈயக் கசடுலயா? அப்ப அந்த இலையிலயும் ஈயம்தான்."

ஊர் திரும்பியதும் செங்கம்மாள் நேரே கொட்டகைக்குள் நுழைந்தாள். "கசடு மண்ணுல மொளச்ச அந்த எலையிலயும் ஈயம்தானாம், டாக்டரு சொல்றாரு. மேஸ்திரி, அந்தச் சாறை நீ ஒருநாளாவது குடிச்சிகீறியா?"

பூவராகவன் வாயைத் திறந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அப்போதுதான் உறைத்தது: அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை. "எனக்கு இன்னா நோவு, நான் குடிக்க?" என்றார். அன்று முழுக்க அவருக்கு மனசே சரியில்லை. நல்லது செய்தால் உலகம் இப்படித்தான் பேசுகிறது!

வேலையை விட்ட அருணகிரிக்குப் பல மாதம் கழித்து, சட்டைப் பொத்தான் போடுமளவுக்குக் கை திரும்பியது. "பாத்தியா, சாறு லேட்டா வேலை செய்யுது!" என்று ஊரெல்லாம் சொன்னார் பூவராகவன். அருணகிரியின் இடத்தில் உலைக்கு வந்த கலியன் வயிற்றைப் பிடித்தபோது அவர் தயங்கவேயில்லை. "கோளாறு மண்ணுலதான்டா. திருத்தணி மலைல பறிச்சா எல்லாம் சரியாப்பூடும்." விசிறி மட்டும் வரவேயில்லை.

சிரிக்கிறீர்கள். சரி. ஆனால், 'கீழாநெல்லியாவது, மண்ணாங்கட்டியாவது! ஈயத்துக்குக் கைகண்ட இலை வேறொன்று எனக்குத் தெரியுமே' என்று ஒரு பெயர் உங்கள் நாக்கு நுனியில் வந்து நிற்கிறதே, அதை அப்படியே விழுங்கிவிடுங்கள். வெறும் வயிற்றில்.