தோற்பதற்கு ஒரு பூதப்படை

"ஜெயிச்சுட்டியா?"

கசாஹாராவின் கையிலிருந்த காபி டப்பா நழுவி மடியில் கவிழ்ந்தது. சூடு தாங்காமல் துள்ள வேண்டிய மனிதர், துள்ளக்கூடத் தோன்றாமல் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்துபோனார். அட்டைப்பெட்டிக் கம்பெனியின் விற்பனைத் தலைவர் அவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹொன்மா அவருக்குக் கீழே வேலை பார்ப்பவன்.

"ஜெயிச்சுட்டேன் தலைவரே." ஹொன்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"உனக்குத்தான் அந்த ஆட்டமே தெரியாதேன்னு அனுப்பினேன்!"

"தெரியாமத்தான் ஜெயிச்சேன். எதைத் தொட்டாலும் அவரோட பூதம் சுருண்டு விழுது. நான் என்ன பண்றது?"

எங்கள் நாகஓகா ஊரில் வாடிக்கையாளரிடம் தோற்பது ஒரு கலை. அந்தக் காலத்தில் கோல்ஃப் மைதானத்துக்குப் போய், நல்ல பந்தைக் குளத்தில் அடித்து, "ஐயா கை வருமா எங்களுக்கு!" என்று தலையைச் சொறிந்தால் போதும், ஒப்பந்தம் கைக்கு வந்துவிடும். இப்போது கோல்ஃபுக்கு யாருக்கும் இடுப்பு வளைவதில்லை. அரிசி வறுவல் கம்பெனி முதலாளி மரூயாமா ரயிலில் மூக்கைப் போனுக்குள் நுழைத்துப் பூதச் சண்டை ஆடிக்கொண்டிருந்ததைக் கசாஹாரா தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். ஊரைச் சுற்றிப் போனிலேயே பூதம் பிடித்து, ஆளுக்கு மூன்று பூதங்களைப் படையாகச் சேர்த்து மோதவிடுகிற ஆட்டம். மாத முடிவில் பெட்டி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் அவரிடம் போய் மரியாதையாகத் தோற்றுவிட்டு வா என்றுதான் ஹொன்மாவை அனுப்பினார்.

"அவர் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"சிரிச்சார்."

"ஐயோ!" கசாஹாரா கண்ணை மூடிக்கொண்டார். "எப்படிச் சிரிச்சார்?"

"பெருமூச்சு விட்டுட்டு, எனக்கும் கீழ குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டுச் சிரிச்சார்."

"போச்சு. கோவம் ஏற ஏறத்தான் மரியாதையும் ஏறும். இவ்வளவு கோவத்தை நான் பார்த்ததே இல்லை. யோவ், ஒப்பந்தம் கைய விட்டுப் போச்சுன்னா நீ நேரா சாதோ தீவுக் கிடங்குக்குத்தான். தனியாத்தான். கடல் அலை எண்ணிக்கிட்டே இருக்கலாம்."

ஹொன்மா போன மாதம்தான் புது வீடு கட்டிக் குடிபோயிருந்தான். எங்கள் ஊர்க் கம்பெனிகளுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. எவன் வீட்டில் புதுப் பாய் வாசனை அடிக்கிறதோ, மாற்றல் உத்தரவு முதலில் அவனைத் தேடித்தான் வரும்.

அவன் மனைவி சாதொமி விஷயத்தைக் கேட்டுவிட்டு முள்ளங்கி நறுக்குவதை நிறுத்தினாள்.

"தோக்கக்கூடவா உங்களுக்குத் துப்பில்லை?"

"நீதானே மத்தியான இடைவேளையில இதையே ஆடிக்கிட்டு இருப்பே? ஒரு வழி சொல்லேன்."

அவள் தன்னிடமிருந்த பூதங்களிலேயே நோஞ்சானாகப் பொறுக்கி அவன் போனுக்கு மாற்றினாள். ஒரு பஞ்சுப் பூனை, ஒரு வழுக்கு மீன், எப்போதும் அழுதுகொண்டிருக்கும் ஒரு காளான். "இதை வச்சு ஜெயிச்சா நீங்க மனுஷனே இல்லை" என்றாள்.

ஹொன்மா மனுஷனில்லை என்பது அடுத்த சந்திப்பிலேயே ஊர்ஜிதமானது.

மரூயாமா ஆபீஸின் வரவேற்பு மேசைக்காரி தொமோயே தேநீரும் வறுவலும் வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். மரூயாமா ஒரு நெருப்புக் குளவியை இறக்கினார். பஞ்சுக்கு எதிரே நெருப்பு! பிழைத்தோம் என்று ஹொன்மா மனதுக்குள் கும்பிட்டான். முதலாளியின் விரல் போனைத் தடவியது. குளவி பறந்துபோய், பூனையை விட்டுவிட்டு, தன் பக்கத்திலிருந்த குளத்துக்குள் பாய்ந்து அணைந்துபோனது. அடுத்து வந்த பூதம் படுத்துத் தூங்கியது. அதற்கடுத்தது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பூனை போகிறபோக்கில் ஒரு கீறு கீறியது. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

ஹொன்மா தன் போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான்.

"அபாரம் ஹொன்மா சான்! அபாரம்!" என்று மரூயாமா கைதட்டினார். மறுபடியும் அதே சிரிப்பு.

ஹொன்மா காருக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் கசாஹாரா தீர்மானமாகச் சொன்னார். "நம்ம படையைக் குறைச்சுப் பிரயோசனமில்லை. அந்த மனுஷன் படையை ஏத்தணும். ஒரு நல்ல பூதமாப் பார்த்து அவருக்குப் பரிசாக் கொடு."

சாதொமி ஸ்டேஷனைச் சுற்றிப் பனியில் நடையாய் நடந்து பிடித்து வைத்திருந்த இரும்பு ஆமையை, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற துக்கத்தோடு தாரை வார்த்தாள். ஹொன்மா அதை மரூயாமாவின் போனுக்கு அனுப்பிவைத்தான்.

மறுநாள் காலையில் பதில் பரிசு வந்தது. அதைப் பார்த்ததும் ஆபீஸ் நாற்காலியிலேயே ஹொன்மாவுக்குத் தலை சுற்றியது. எரிமலைக் குரங்கு! ஆமையைப் போல இரண்டு மடங்கு ஒசத்தியான பூதம்.

"ரெட்டிப்பாவா?" கசாஹாராவின் உதடு வெளுத்துவிட்டது. "வாங்கினதுல பாதி மதிப்புக்குத் திருப்பித் தந்தா அது மரியாதை. ரெட்டிப்பாத் தந்தா என்ன அர்த்தம்?"

"உன் கடனும் வேண்டாம், உன் சகவாசமும் வேண்டாம்..."

"அதேதான்! கணக்குத் தீர்க்கிறார்யா!"

ஹொன்மா வீட்டுக்கு வந்து புதுப் பாயில் குப்புற விழுந்தான். சாதோ தீவின் அலைச்சத்தம் இப்போதே காதில் கேட்டது. அவனுக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

"எழுந்திருங்க" என்றாள் சாதொமி. "குரங்கை இறக்கியே ஆகணும். கொடுத்தவர் முன்னாடி அவர் கொடுத்ததை இறக்கலைன்னா அவமரியாதை."

"இறக்கினா ஒரே அடியில ஜெயிச்சுருவேனே!"

"அவரும் நீங்க கொடுத்த ஆமையை இறக்கியே ஆகணுமில்ல? அந்த ஆமையோட ஓட்டுல அடிச்சா, அடி அப்படியே அடிச்சவனுக்குத் திரும்பும். நோஞ்சான் அடிச்சா லேசாத் திரும்பும். பலசாலி அடிச்சா?"

ஹொன்மா எழுந்து உட்கார்ந்தான். "பலசாலியே காலி!"

"அப்போ உங்களுக்கு என்ன வேணும்?"

"இன்னும் பலமான படை!"

தோற்பதற்காக ஒரு மனிதன் இப்படி உழைத்து நான் பார்த்ததில்லை. அந்த வாரம் முழுக்க ஹொன்மா கோயில் படியிலும் ஆற்றங்கரையிலும் பனியை மிதித்துக்கொண்டு பூதம் பிடித்தான். பஞ்சுப் பூனையைக் கொடுத்து இடி எருமையை வாங்கினான். குரங்குக்குத் தீனி போட்டுத் தீனி போட்டு மலைபோல வளர்த்தான். தலைநகரத்துப் போட்டிக்காரர்களே கும்பிட்டு ஒதுங்கும்படியான படை ஒன்று தயாரானது.

ஒப்பந்த நாள் வந்தது. மரூயாமா படையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "அடேயப்பா! என்ன பலம், என்ன பலம்!" என்று ஆசை ஆசையாகத் தன் இரும்பு ஆமையை முன்னால் வைத்தார்.

ஹொன்மா பல்லைக் கடித்துக்கொண்டு, குரங்கை முழு பலத்தோடு அடிக்கச் சொன்னான். டமார்! ஆமை அசையவில்லை. குரங்குதான் மல்லாந்து விழுந்தது.

"அ... அது எப்படி?" மரூயாமா பதறிப்போய்த் தன் ஆமையைப் பின்வாங்கச் சொன்னார். ஆமை மெதுவாகத்தானே நகரும்? அதற்குள் இடி எருமை ஓடிவந்து ஓட்டில் முட்டிச் சாய்ந்தது.

"ஹொன்மா சான், கொஞ்சம் பொறுமையா... வேற பக்கமா அடிக்கலாமே..."

"என்னால முடியலைங்க ஐயா! உங்க ஆட்டம் அப்படி!"

மூன்றாவது பூதமும் விழுந்தது. மரூயாமாவின் போனில் வெற்றி மேளம் முழங்கியது. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. வாயைத் திறந்தார், மூடினார், போனை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லை போலும் என்று கசாஹாரா ஹொன்மாவின் முதுகில் ரகசியமாகத் தட்டினார். இருவரும் குனிந்து குனிந்து வணங்கிவிட்டு, "ஐயா ஆற அமர முடிவு சொல்லுங்க" என்று வெளியே வந்தார்கள். ஹொன்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சாதொமிக்குப் போன் போட்டு, "தோத்துட்டேன்! சுத்தமாத் தோத்துட்டேன்!" என்று கத்தினான். மறுமுனையில் அவள் ஆனந்தத்தில் அழுதாள்.

வழக்கப்படி வாசல்வரை வழியனுப்ப வந்த தொமோயே, வணக்கம் சொல்லாமல் பனியில் அப்படியே நின்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"எங்க மேல அப்படி என்னங்க கோவம்? ஊர்ல இருந்த மத்த பெட்டிக் கம்பெனியெல்லாம் மூடிட்டாங்க, நீங்களும் கைவிட்டுட்டா கதியே இல்லைன்னு, உங்ககிட்ட தோத்துப்போறதுக்காகவே எங்க முதலாளி, இப்ப கோல்ஃபுக்குப் பதிலா இதுதான்னு யாரோ சொல்லக் கேட்டு, இந்த வயசுல இந்தக் கண்றாவி ஆட்டத்தைக் கத்துக்கிட்டாரு. அவரைப் போய் ஜெயிக்க வச்சுட்டீங்களே!"